காலுக்கு ஒரு சும்மாடு



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி நிர்வாகச் செயலாளர் ஒவ்வோர் ஆண்டும் கேட்பதுண்டு. திருமுறைகளைப் பற்றியும் தல வரலாற்றைப் பற்றியும் எழுத என்னிலும் தகுதியுடையோர் நம்மிடையே இருக்கிறார்கள். நானோ முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்ப்பள்ளியில் கணக்கும் அறிவியலும் போதித்து ஓய்வு பெற்றவன். எனவே எனக்குத் தெரிந்த வழியிலேயே போகிறேன். நாம் ஆலய வாசலில் கழற்றி வைக்கும் செருப்பைப் பற்றியும், அதற்குள் இருக்க வேண்டிய மெத்தையைப் பற்றியும் இவ்வாண்டு எழுதலாம் என்று எண்ணினேன். இதில் என்ன விசேஷம் என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். நம்மில் சிலருக்குக் காலே இதை நம்பித்தான் இருக்கிறது.

பால்குடம் எடுக்கும் தாய்மார்கள் தலையில் குடத்தை வைக்கும் முன் ஒரு துணியைச் சுருட்டி வளையமாக்கி வைக்கிறார்கள். அதுதான் சும்மாடு. தோட்டத்தில் காண்டாக் கம்பில் இரண்டு வாளிப் பாலைத் தொங்கவிட்டு ஸ்டோருக்குச் சுமந்த நம் பெற்றோர், தோளில் ஒரு துண்டை நாலாக மடித்துப் போட்டுக் கொண்டதும் அதற்காகவே. சும்மாடு சுமையின் எடையை ஒரு பலம்கூடக் குறைப்பதில்லை. பிறகு ஏன் சுமப்பவருக்கு இதமாக இருக்கிறது? குடத்தின் அடி ஒரே இடத்தில் அழுத்தாமல், அந்த அழுத்தம் தலையின் வளைவுக்கு ஏற்றபடி பரவிவிடுகிறது. அவ்வளவுதான்.

வகுப்பில் இதை விளக்க நான் ஒரு செங்கல்லையும் ஈர மணலையும் கொண்டு போவேன். செங்கல்லைப் படுக்க வைத்தால் மணலில் லேசான தடம் விழும். அதே செங்கல்லை நிமிர்த்தி வைத்தால் ஆழமாகப் புதையும். எடை ஒன்றுதான், தாங்கும் பரப்புதான் வேறு. இதைக் காலுக்குப் பொருத்திக் கணக்குப் போடுவோம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒற்றைக் காலில் நிற்கிறார். அந்த எடையை முன்பாதத்தின் மேடும் குதிகாலும் சேர்ந்து 20 சதுர சென்டிமீட்டரில் தாங்கினால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 3 கிலோ இறங்கும். பாத வளைவும் ஓரங்களும் சேர்ந்து 100 சதுர சென்டிமீட்டர் தாங்கினால் 600 கிராம்தான். காலின் அச்சுக்கு ஏற்ப வார்த்த மெத்தை செய்யும் வேலை இதுவே. அது ஒரு காலுக்கான சும்மாடு.

நல்ல காலுக்கு இயற்கையே சும்மாடு வைத்திருக்கிறது. குதிகாலின் தோலுக்கு அடியில் சிறு சிறு அறைகளில் கொழுப்பு அடைக்கப்பட்டு மெத்தை போல் இருக்கிறது. அதோடு வலி என்கிற காவல்காரனும் இருக்கிறான். செருப்பு கடித்தால் நாம் நொண்டி நடக்கிறோம். கல் குத்தினால் காலை எடுத்துவிடுகிறோம். வெகு நேரம் நின்றால் நாம் அறியாமலேயே எடையைக் காலுக்குக் கால் மாற்றிக் கொள்கிறோம். நாள் முழுதும் இந்தக் காவல்காரன் சொல்படிதான் நம் கால் நடக்கிறது. அவன் ஒரு நாள் வேலையை விட்டுப் போய்விட்டால் என்ன ஆகும்?

இந்தக் கேள்விக்கு விடை கண்ட இடங்களில் முக்கியமான ஒன்று தமிழ்நாட்டிலே, வேலூரிலே இருக்கிறது. அந்த வரலாறு நம்மில் பலருக்குத் தெரியாது.

பால் பிராண்ட் என்ற ஆங்கில மருத்துவர் 1914-இல் நம் சேலம், நாமக்கல் பக்கத்துக் கொல்லிமலையில் பிறந்தவர். அவருடைய பெற்றோர் அங்கே சமயப் பணி செய்தவர்கள். இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் படித்து, 1946-இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அக்காலத்தில் தொழுநோய் வந்தவரின் விரல்கள் தாமே அழுகி விழும், பாதத்தை நோய் தின்றுவிடும் என்றே மருத்துவர்களும் நம்பினார்கள். தொழுநோய்க்காரரின் புண் ஆறாது என்பது முடிந்த முடிவாக இருந்தது.

பிராண்ட் அதை நம்பவில்லை. மடங்கிப் போன கைகளுக்குத் தசைநாண் மாற்றி அறுவை செய்தபோது, அந்தக் காயங்கள் மற்றவருக்கு ஆறுவது போலவே ஆறுவதைக் கண்டார். 1951-இல் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் நவ ஜீவ நிலையம் என்று சில குடிசைகளை அமைத்து, குணமான இளைஞர்களைத் தங்க வைத்துத் தச்சு வேலை முதலிய தொழில்கள் கற்றுக் கொடுத்தார்கள். அங்கே புதிய காயம் எது தோன்றினாலும் அது எப்படி வந்தது என்று ஒவ்வொன்றாகத் துப்புத் துலக்கினார்கள். சூடான பாத்திரத்தைப் பிடித்தது, சுத்தியின் பிடி உராய்ந்தது என்று பெரும்பாலானவற்றுக்குக் காரணம் கிடைத்தது. இரவில் விரல் நுனி காணாமல் போவதற்கு மட்டும் காரணம் புரியவில்லை. விழித்திருந்து பார்த்தபோது, எலி வந்து கடிப்பது தெரிந்தது. உணர்ச்சியற்ற விரலாதலால் தூங்குபவர் எழவே இல்லை. அதன் பிறகு அங்கே பூனை வளர்த்தார்கள்.

ஆக, விரலைத் தின்றது நோயல்ல. வலி இல்லாத வாழ்க்கை. பாதத்துப் புண்ணும் அப்படித்தான். சாதாரணமாக நடக்கும் நடையே, ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை விழும்போது, உள்ளே தசையைக் கன்ற வைக்கிறது. நமக்கு அந்த இடம் வலித்து நடையை மாற்றுவோம். அவர்களுக்கு வலிக்காது, மறுநாளும் அதே இடத்தில் மிதிப்பார்கள். முதலில் காய்ப்பு, பிறகு அதன் அடியில் ரத்தக்கட்டு, பிறகு குழி. வெளியே தெரியும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

புண் வந்த காலுக்கு மாவுக்கட்டுப் போட்டுப் பாரத்தைப் பரப்பினால் பல ஆண்டுப் புண்ணும் சில வாரங்களில் ஆறியது. ஆனால் கட்டைப் பிரித்து வீட்டுக்கு அனுப்பினால் மீண்டும் அதே இடத்தில் புண். ஆகவே செருப்பைப் பற்றி யோசிக்க வேண்டியதாயிற்று. மரம், மெழுகு, பிளாஸ்டிக் என்று பலவற்றைப் பரிசோதித்தார்கள். மரக்கட்டை பாரத்தைப் பரப்பாது. மிகவும் மெதுவான பஞ்சு ரப்பரோ இரண்டே நாளில் நசுங்கித் தட்டையாகிவிடும். இரண்டுக்கும் நடுவில் நின்ற பொருள்தான் மைக்ரோசெல்லுலர் ரப்பர். தமிழ்நாட்டில் இதைச் சுருக்கமாக எம்.சி.ஆர். என்பார்கள். வேலூரை அடுத்த கரிகிரியில் 1955-இல் தொடங்கிய ஷிஃபலின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் இந்தச் செருப்பு மேலும் செம்மையாயிற்று. ரப்பரின் கடினத்தை அளக்கும் ஷோர் அளவுகோலில் ஏறக்குறைய 15 டிகிரி என்பது இதற்கு உகந்த பதம். கருவி இல்லாதவர்களுக்கும் ஒரு சோதனை உண்டு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து நன்றாக அழுத்தினால் பாதிக் கனத்துக்கு அமுங்கி, விட்டவுடன் எழும்ப வேண்டும். இட்லி பதம் பார்ப்பது போலத்தான்.

மேலே மெத்தை மெதுவாக இருந்தால், கீழே அடிப்பாகம் முள்ளும் ஆணியும் ஏறாதபடி உறுதியாக இருக்க வேண்டும். இரண்டையும் பசையாலும் தையலாலும் சேர்ப்பார்களே தவிர ஆணி அடிக்க மாட்டார்கள். விரலிடுக்கில் வார் வராது. பின்புறம் குதிகாலைச் சுற்றி ஒரு வார் உண்டு. உணர்ச்சியற்ற காலிலிருந்து செருப்பு நழுவினால் அணிந்தவருக்குத் தெரியாதல்லவா! நம்மூர் ஜப்பான் சிலிப்பரோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். மெல்லிய அடி, விரலிடுக்கில் வார், பின்னால் பிடிப்பே இல்லை. இனிப்பு நீர் உள்ளவருக்கு அதைவிடப் பொருத்தமற்ற காலணியைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். நாம் வீட்டிலும் கடைக்கும் கோயிலுக்கும் போட்டுக் கொண்டு போவதோ அதைத்தான்.

பிராண்ட் 1966-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் என்ற ஊரில் இருந்த தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். வேலூரில் கற்ற பாடம் இனிப்பு நீர் நோயாளிகளின் பாதத்துக்கும் அப்படியே பொருந்துவதை அங்கே நிலைநாட்டினார்கள். 2003-இல் அவர் காலமானார். தொழுநோய்க்கு 1981-இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தபின் அந்நோய் முழுமையாகக் குணமாகக் கூடியதாயிற்று. நம் நாட்டிலும் 1930-இல் திறக்கப்பட்ட சுங்கை பூலோ குடியிருப்பு இன்று பெரும்பாலும் வரலாறாகிவிட்டது. ஆனால் அந்த நோய் காலியாக்கிய இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்து கொண்டது.

தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பின்படி 2019-இல் மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. 2023-இல் அது 15.6 விழுக்காடு, அதாவது ஆறு பேரில் ஒருவருக்கு. இதில் மூன்று பெரிய இனங்களுள் இந்தியர்களின் விகிதம்தான் கூடுதல் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அன்னதான வரிசையில் நின்று பார்த்தாலே தெரியும். நீரிழிவு நாட்பட்டால் காலின் நரம்புகள் மெல்ல மெல்ல மரத்துப் போகின்றன. சிலருக்கு எரிச்சலும் ஊசி குத்துவது போன்ற உணர்வும் முதலில் வரும். சிலருக்கு ஒன்றுமே வராது. இவர்கள்தான் அதிக ஆபத்தில் இருப்பவர்கள். உலகில் 30 விநாடிக்கு ஒரு கால் நீரிழிவால் துண்டிக்கப்படுகிறது என்று 2005-இல் லான்செட் மருத்துவ இதழ் எச்சரித்தது.

என் மூத்த அக்காள் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். இருட்டோடு எழுந்து, பெரட்டுக்குப் போய், நிரை நிரையாக ஏறி இறங்கிய கால்கள். தோட்டம் செம்பனையாக மாறி, லயமும் இடிபட்டு, இப்போது மகனோடு ஈப்போவில் ஒரு தாமானில் இருக்கிறார். இனிப்பு நீர் வந்து பதினெட்டு வருடம். ஒரு நாள் சந்தைக்குப் போய்விட்டு வந்து வீட்டுக்குள் நடமாடிக் கொண்டிருந்தார். சிமெண்டுத் தரையில் சிவப்புப் புள்ளிகளைப் பார்த்துப் பேரன்தான் சத்தம் போட்டிருக்கிறான். சிலிப்பரின் அடியைத் துளைத்துக் கொண்டு ஒரு வரைபட ஊசி பாதத்தில் ஏறியிருந்தது. காலையிலிருந்தே அது அங்கே இருந்திருக்க வேண்டும். "தம்பி, காட்டுல நாப்பது வருஷம் நடந்தேன். ஒரு சின்ன முள்ளு குத்துனாலும் துள்ளுவேன். இப்ப ஆணி ஏறியும் தெரியலியே" என்றார். வலிக்கவில்லை என்பதுதான் அவரை அழ வைத்தது.

அந்தப் புண் ஆற மூன்று மாதம் ஆயிற்று. அதன் பிறகு அவருக்கு அளவெடுத்து மெத்தை செய்தார்கள். கூடவே போனவன் நான் என்பதால், நேரில் பார்த்ததையே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சிறு கைப்பிடியில் பொருத்திய நைலான் இழையைக் கொண்டு வந்தார்கள். அது தூண்டில் நரம்பு போலிருக்கும். 10 கிராம் விசையில் வளையும்படி செய்யப்பட்ட இழை அது. அக்காளைக் கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் பல இடங்களில் அதை வளையும் வரை அழுத்தி, தெரிகிறதா என்று கேட்டார்கள். பெருவிரலின் அடியிலும் முன்பாதத்திலும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. செலவே இல்லாத இந்தச் சோதனை, எந்த விலையுயர்ந்த இயந்திரமும் சொல்வதற்கு முன் ஆபத்தைச் சொல்லிவிடுகிறது. பாதத்தில் நாடித் துடிப்பையும் பார்த்தார்கள். ரத்த ஓட்டம் குறைந்த காலுக்கு மெத்தை மட்டும் போதாது.

அடுத்து, ஒரு பெட்டி. பூ அலங்காரம் செய்பவர்கள் தண்டுகளைக் குத்தி வைக்கும் பச்சை நுரைக்கட்டி உங்களுக்குத் தெரியும். அதைப் போன்ற நுரை நிரம்பிய பெட்டியில் காலை மெதுவாக அமிழ்த்தினார்கள். பாதத்தின் அச்சு அப்படியே விழுந்தது. அதில் மாவுச்சுண்ணத்தைக் கரைத்து ஊற்றி, அக்காளின் பாதத்தைப் போலவே ஒரு வெள்ளைப் பாதம் எடுத்தார்கள். விநாயகர் சதுர்த்திக்கு அச்சில் களிமண் பிள்ளையார் எடுக்கிறோமே, அதே முறைதான். இப்போது சில இடங்களில் பெட்டிக்குப் பதில் கணினிப் படக்கருவியால் அளவெடுத்து, இயந்திரத்தால் நுரையைக் கடைகிறார்கள்.

இந்த வெள்ளைப் பாதத்தின் மேல்தான் மெத்தை உருவாகிறது. தோலை ஒட்டி வரும் மேல்தட்டுக்குப் பெரும்பாலும் பிளாஸ்டசோட் என்ற பாலிஎத்திலீன் நுரை. அதை அடுப்பில் ஏறக்குறைய 140 டிகிரி செல்சியசில் சில நிமிடம் வைத்தால் அப்பளம் போல் துவளும். உடனே எடுத்து அச்சின் மேல் அழுத்தினால் அந்த வடிவத்திலேயே இறுகிவிடும். இந்த நுரை சூட்டைச் சுலபமாகக் கடத்தாது என்பதால், காலுறை அணிந்த காலின் மேலேயே நேரடியாக அழுத்தி வார்ப்பதும் உண்டு. அதற்குக் கீழே, அமுங்கி எழும்பும் எம்.சி.ஆர். அல்லது பாலியூரித்தேன் நுரை. அடியில், வடிவம் கலையாமல் பிடித்துக் கொள்ள உறுதியான ஈ.வி.ஏ. நுரை. மேல்தட்டு காலோடு இழைய வேண்டும், நடுத்தட்டு அதிர்ச்சியை வாங்க வேண்டும், அடித்தட்டு தாங்க வேண்டும். மூன்றையும் ஒரே நுரையால் செய்ய முடியாது.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. முன்பாதத்தில் புண் வந்த இடத்துக்கு நேர் அடியில் மேடு வைப்பதில்லை. அதற்குச் சற்றுப் பின்னால், விரல் எலும்புகளின் தலைக்குக் கீழே சிறு மேடு வைக்கிறார்கள். அப்போது பாரம் அந்தத் தண்டுப் பகுதிக்கு நகர்ந்து, புண்ணான இடம் லேசாகிறது. வலிக்கிற இடத்துக்கு அடியில் பஞ்சைத் திணிப்பதும், நடுவில் ஓட்டை போட்ட வளையத்தை ஒட்டிக் கொள்வதும் நம் மக்களின் வழக்கம். அந்த வளையத்தின் விளிம்பே அழுத்தத்தைக் கூட்டிப் புதிய புண்ணை உண்டாக்கலாம். கடைகளில் வண்ண வண்ணமாகத் தொங்கும் ஜெல் மெத்தைகளைப் பற்றியும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். உணர்ச்சியுள்ள நல்ல காலுக்கு அவை இதமாக இருக்கும், தாராளமாக வாங்குங்கள். உணர்ச்சியற்ற காலுக்கு அவற்றை நம்புவது, குடை இருக்கிறது என்று வெள்ளத்தில் இறங்குவதற்கு ஒப்பாகும்.

மெத்தையை அக்காள் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். "இது சீட்டுப்பாலா, ஒட்டுப்பாலா?" என்று அந்த இளைஞரிடம் கேட்டார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான்தான் சிரித்துக் கொண்டே விளக்கினேன். வாசகர்களுக்கும் அதைச் சொல்ல வேண்டும்.

1877-இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 ரப்பர் கன்றுகளில் ஒன்பதை நம் கோல கங்சாரில் நட்டார்கள். அவற்றில் ஒரு மரம் அங்கே மாவட்ட அலுவலகத்தின் அருகே இன்னும் நிற்கிறது. அவ்வழியே போகிறவர்கள் இறங்கிப் பார்க்கலாம். அந்த மரத்தின் வழித்தோன்றல்களைத்தான் நம் முன்னோர் வெட்டினார்கள். பேராக் முழுவதும், தஞ்சோங் மாலிம் தொடங்கி பாரிட் புந்தார் வரை, எத்தனை தோட்டங்கள்! அங்கே எடுத்த பால் கப்பலேறிப் போய் டயராயிற்று. 1929-இல் பர்மிங்காம் டன்லப் தொழிற்சாலையில் ரப்பர் பாலை முட்டை அடிப்பது போல் அடித்து நுரையாக்கி, அப்படியே இறுக வைக்கும் முறையைக் கண்டார்கள். மெத்தைக்கும் நாற்காலிக்கும் பஞ்சு வந்தது. எம்.சி.ஆர். செய்யும் முறை வேறு. உலர்ந்த ரப்பரோடு கந்தகமும், சூட்டில் வாயுவை விடும் ஒரு ரசாயனமும் கலந்து, அழுத்தத்தில் வேக வைக்கிறார்கள். அச்சைத் திறந்தவுடன் அது ரொட்டி மாவு போல் உப்பி எழுகிறது. உள்ளே லட்சக்கணக்கான நுண்ணறைகள், ஒவ்வொன்றும் மூடியது. வியர்வையும் தண்ணீரும் உள்ளே புகாது. மற்ற நுரைகள் பெட்ரோலியத்தில் பிறந்தவை. பாலியூரித்தேனை 1937-இல் ஜெர்மானியர் ஓட்டோ பேயர் கண்டுபிடித்தார். ஆக, அக்காளின் கேள்விக்கு விடை: நடுத்தட்டு ரப்பர், அது சீட்டுப்பால் வகை, மேலும் கீழும் ரப்பரே அல்ல. "அப்ப நடுவுல மட்டும் நாங்க" என்றார்.

இதனால் உண்மையில் பயன் உண்டா, அல்லது செலவுதானா என்று கணக்குக் கேட்கும் அன்பர்கள் நம்மிடையே உண்டு. கேட்க வேண்டியதுதான். சென்னையில், ஏற்கனவே பாதப்புண் வந்து ஆறிய 241 நீரிழிவு நோயாளிகளை ஒன்பது மாதம் தொடர்ந்து கவனித்து, 2004-இல் விஜய் விஸ்வநாதன் குழுவினர் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்கு எம்.சி.ஆர். மெத்தை, ஒரு பிரிவினருக்குப் பாலியூரித்தேன் நுரை, ஒரு பிரிவினருக்கு வார்த்த மெத்தை. நான்காம் பிரிவினர் தம் வழக்கமான கடினமான செருப்பையே அணிந்தார்கள். முதல் மூன்று பிரிவிலும் நூற்றுக்கு 4 பேருக்குத்தான் மீண்டும் புண் வந்தது. நான்காம் பிரிவில் நூற்றுக்கு 33 பேருக்கு வந்தது. கூர்ந்து பார்த்தால் இன்னொன்றும் தெரியும்: எளிய எம்.சி.ஆர். செருப்பு, விலை கூடிய வார்த்த மெத்தைக்கு அங்கே பின்தங்கவில்லை. விரல் மடங்கியோ எலும்பு துருத்தியோ பாதத்தின் வடிவம் மாறிவிட்டவருக்கு வார்த்த மெத்தை அவசியம். வடிவம் மாறாத, உணர்ச்சி மட்டும் குறைந்த காலுக்கு நல்ல எம்.சி.ஆர். செருப்பே போதுமானதாக இருக்கலாம். எது யாருக்கு என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

மெத்தை சாசுவதமானதல்ல. நுரை நாளடைவில் நசுங்கி எழும்பாமல் போகும். மேல்தட்டு சில மாதங்களிலேயே தளர்ந்துவிடும். அமெரிக்காவின் மெடிகேர் திட்டம் நீரிழிவு நோயாளிக்கு ஆண்டுக்கு ஒரு ஜோடி காலணியும் மூன்று ஜோடி மெத்தையும் தருகிறது என்றால், தேய்மானம் எவ்வளவு என்று ஊகித்துக் கொள்ளலாம். புதிய மெத்தையை முதல் நாளே நாள் முழுக்க அணியக் கூடாது. ஒரு மணி நேரம் அணிந்து, கழற்றிப் பாதத்தைப் பார்க்க வேண்டும். சிவந்த இடம் அரை மணிக்குள் மறையாவிட்டால் மெத்தையைத் திருத்தக் கொண்டு போக வேண்டும். மெத்தை வைக்கும் சப்பாத்தும் அதற்கேற்ற ஆழம் உடையதாக இருப்பது முக்கியம். இருக்கிற இறுக்கமான சப்பாத்தில் மெத்தையைத் திணித்தால், அடியில் காப்பாற்றியதை மேலே விரல்களில் இழப்போம்.

இனி, நம் ஆலயத்துக்கு வருகிறேன். காலணியோடு உள்ளே வரக்கூடாது என்பது மாற்ற முடியாத மரபு. மாற்ற வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நீரிழிவுப் பாத நோய்க்கான அனைத்துலகப் பணிக்குழு, உணர்ச்சி இழந்த காலுடையவர் வீட்டுக்குள்ளும் வெளியிலும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது, வெறும் காலுறையோடும் நடக்கக் கூடாது என்கிறது. நண்பகல் பூசைக்கு வரும் அன்பர் வெளிப்பிராகாரத்துச் சிமெண்டில் மூன்று சுற்று வருகிறார். நமக்குச் சுடுகிறது, ஓடுகிறோம். அவருக்குச் சுடவில்லை, பக்தியோடு நிதானமாக நடக்கிறார். மாலையில் பாதத்தில் கொப்புளம். தைப்பூசத்தன்று புந்தோங்கிலிருந்து குனோங் சீரோ கல்லுமலை வரை தார்ச்சாலையில் வெறுங்காலோடு போகும் காவடிகளையும் பால்குடங்களையும் எண்ணிப் பாருங்கள். தீமிதியைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன்: உணர்ச்சி இழந்த காலுடையவர் பூக்குழி இறங்கக் கூடாது. நேர்த்திக்கடனை வேறு வழியில் நிறைவேற்ற குருக்கள் வழி சொல்வார்.

தெருவையே மிதிக்காத, ஆலயத்துக்குள் மட்டும் அணிவதற்கென்று தனியாக வைத்த நுரைக் காலணியை, மருத்துவச் சான்றுள்ள அன்பர்களுக்கு வெளிப்பிராகாரம் வரையிலாவது அனுமதிக்கலாமா என்று நிர்வாகக் கூட்டத்தில் பேச்சு வந்தது. தோல் கலந்திருக்குமே என்றார் ஒரு பெரியவர். நுரையில் தோல் ஒரு துளியும் இல்லை என்பதை விளக்கினேன். ஒருவருக்கு விட்டால் எல்லாரும் கேட்பார்கள் என்றார் இன்னொருவர். அதில் நியாயம் இருக்கிறது. என்னைக் கேட்டால் அனுமதிக்கலாம் என்பேன். இன்னும் முடிவாகவில்லை; குருக்களின் கருத்தைக் கேட்டிருக்கிறார்கள். இதற்கிடையில் வெளிப்பிராகாரத்தில் தேங்காய் நார் விரிப்பு போடவும், நண்பகலில் அதில் தண்ணீர் தெளிக்கவும் ஏற்பாடு ஆகிவிட்டது.

இன்னொரு தடை உண்டு. அது நம் மனத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் எம்.சி.ஆர். செருப்பைப் பலர் வாங்கி வீட்டில் வைத்துவிட்டு வெறுங்காலோடு நடந்தார்கள். அந்த ஒரே மாதிரிச் செருப்பைக் கண்டால் ஊரார் தொழுநோய்க்காரர் என்று ஒதுக்குவார்கள் என்ற அச்சம். பிறகு கடையில் விற்கும் செருப்பைப் போலவே தோற்றமளிக்கும்படி அதைத் தைக்க வேண்டியிருந்தது. இங்கேயும் அதைப் பார்க்கிறேன். கல்யாண வீட்டுக்கு அக்காள் அந்தச் சப்பாத்தைப் போட்டுக் கொண்டு வர மறுத்தார். சேலைக்குப் பொருந்தவில்லையாம். கறுப்பு நிறத்தில், பக்கவாட்டில் ஒட்டிக் கொள்ளும் வாரோடு ஒன்றைத் தேடிப் பிடித்து, அதே மெத்தையை அதில் மாற்றி வைத்த பிறகுதான் வந்தார்.

இனிப்பு நீர் உள்ள அன்பர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது தம் வட்டார சுகாதார கிளினிக்கில் பாதத்தைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். நைலான் இழைச் சோதனை என்றால் தாதியருக்குப் புரியும். பெர்கேசோவில் சந்தா செலுத்தும் தொழிலாளர்கள், தங்களுக்கு ஆதரவுக் கருவிகள் பெற வழி இருக்கிறதா என்று அங்கேயும் விசாரிக்கலாம். இரவு படுக்கும் முன் பாதத்தின் அடியைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம், அல்லது பேரப்பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லலாம். ஒரு பாதம் மற்றதைவிடச் சூடாக இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

வரும் தைப்பூசம் முதல் ஆலயக் காலணி மாடத்தின் அருகே முதுகு சாயும் பலகையோடு நான்கு இருக்கைகள் இருக்கும். நின்றபடி தடுமாறிக் கொண்டு சப்பாத்தை மாட்ட வேண்டாம். உட்கார்ந்து, பாதத்தைத் துடைத்து, அடியைப் பார்த்து, சப்பாத்துக்குள் கையை விட்டுக் கல்லோ ஆணியோ இல்லையென்று தடவிப் பார்த்துவிட்டுப் போட்டுக் கொள்ளுங்கள். இரண்டு இருக்கைகளுக்கு உபயதாரர் கிடைத்துவிட்டார்கள். மற்ற இரண்டுக்கு விருப்பமுள்ளோர் ஆலய அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம்.